பாலும் பருவமும்

அண்மையில் ஒருநாள் மாலை, விடுதியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் சூடாக ஒரு கருத்தை வெளியிட்டார். "நியூசிலாந்தைப் பாருங்கள்! ஐம்பது லட்சம் மக்கள்தான். உலகத்துக்கே பால்மாவு விற்கிறார்கள். நம் நாட்டிலோ வீட்டுக்கு இரண்டு மாட்டைக் கட்டிக்கொண்டு கோடிக்கணக்கானோர் காலத்தை வீணாக்குகிறார்கள். கதவைத் திறந்துவிட்டால் மலிவாகப் பால் வரும், இவர்களும் வேறு தொழில் தேடிக்கொள்வார்கள்" என்றார்.

எனக்குத் தேநீர் கசந்தது. நான் இங்கே படிப்பதே இரண்டு மாடுகளின் தயவால்தான். என் தாயார் காலையும் மாலையும் சங்கத்தில் ஊற்றும் பாலே என் விடுதிக் கட்டணம். அன்றியும், என் தமையனார் அந்த நியூசிலாந்திலேயே, வைகாட்டோ வட்டாரத்தில், ஒரு பால் பண்ணையில் வேலை பார்க்கிறார். நான் அந்நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் அவர் சொல்லக் கேட்டதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் கொண்டு நண்பருக்கு விடை கூற விரும்புகிறேன்.

அந்நாட்டுப் பசு மிகுதியாகப் பால் கறப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. அமெரிக்கப் பசு ஓராண்டில் தருவதில் பாதிகூட அது தருவதில்லை. அவர்களுடைய வலிமை புல்லில் இருக்கிறது. அந்தப் புல்லின் பருவத்துக்கு மாட்டையே பழக்கிவிட்டதில் இருக்கிறது.

நமக்கு ஆனியும் ஆடியும் காற்றுக் காலம். அவர்களுக்கு அதுவே கடுங்குளிர். புல் வளராது. ஆகவே சித்திரை, வைகாசியிலேயே கறவையை நிறுத்திவிடுகிறார்கள். சினைப் பசுக்கள் ஓய்வெடுக்கின்றன. ஆடி, ஆவணியில் பண்ணை முழுவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கன்று ஈனுகிறது. வசந்தத்தில் புல் பொங்கும்போது பாலும் பொங்குகிறது. ஐப்பசியில் உச்சத்தை எட்டுகிறது. கொட்டிலும் இல்லை, வெட்டிப் போடும் தீவனமும் பெரும்பாலும் இல்லை. மாடு தானே நடந்து மேய்கிறது. அதனால் செலவு குறைகிறது.

கேட்பதற்கு இனிமையாக இருக்கிறதல்லவா? அதன் மறுபக்கத்தையும் கேளுங்கள். கன்று ஈனும் மாதங்களில் தமையனார் அதிகாலை நான்கு மணிக்கே உறைபனியில் இறங்குகிறார். முழங்கால் சேறு, மேலே மழை. நானூறு பசுக்களுக்கு மூன்றே பேர். வளர்க்கத் தேவைப்படாத கன்றுகள் பல, பிறந்து நான்கு நாள் கடந்ததும் இறைச்சிக்குச் செல்லும் வண்டியில் ஏறுகின்றன. முதலாண்டு அந்த வண்டி வந்த அன்று தம்மால் உண்ண முடியவில்லை என்று அவர் சொன்னார்.

இன்னொன்று. அங்கும் வாரத்துக்குப் பண்ணை பார்ப்போர் உண்டு. நிலம் ஒருவருடையது, மாடு மற்றொருவருடையது, வருவாயில் பங்கு. ஜூன் முதல் தேதியில் ஒப்பந்தம் முடிந்த குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களையும் மாடுகளையும் ஏற்றிக்கொண்டு வேறு பண்ணைக்குக் குடிபெயர்கின்றன. பிள்ளைகள் ஆண்டின் நடுவே பள்ளி மாறுகிறார்கள். செல்வ நாட்டிலும் நிலமில்லாதவன் நிலை இதுதான்!

பருவம் பொய்த்தால்? 2013 மார்ச்சில் வடதீவு முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. புல் கருகியதும் பலர் பருவம் முடியுமுன்பே கறவையை நிறுத்தினர். சந்தை பொய்த்தாலோ இன்னும் கொடுமை. விளையும் பாலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஏற்றுமதியாகும் நாடு அது. பாலிலுள்ள கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஒரு கிலோவுக்கு 2013-14 பருவத்தில் 8 டாலர் 40 சென்ட் கிடைத்தது. அடுத்த பருவத்திலேயே அது 4 டாலர் 40 சென்ட்டாக விழுந்தது. நானூறு மாடு வைத்திருந்தவனும் கடனில் மூழ்கினான். மாட்டின் எண்ணிக்கை அவனைக் காக்கவில்லை.

நிலமும் நீரும் பட்ட பாடு தனிக்கதை. கான்டர்பரிச் சமவெளியில் பாசனம் பெருகி மாடுகளும் பெருகின. அவற்றின் சிறுநீரிலிருந்து நைட்ரேட்டு நிலத்தடி நீரில் இறங்கியது. இறுதியில் மேய்ச்சல் நிலத்துக்கு இடும் செயற்கைத் தழைச்சத்து ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 190 கிலோவைத் தாண்டக்கூடாது என்று 2020இல் விதி செய்ய வேண்டியதாயிற்று.

அவ்வாறாயின் அவர்களிடம் கற்பதற்கு ஒன்றுமில்லையா? உண்டு. 1984க்குப் பின் அரசு மானியங்கள் நீக்கப்பட்டபோதும் அவ்வுழவர்கள் பெரும்பாலும் நிலைத்து நின்றார்கள். மலிவான புல் ஒரு காரணம். பாலைப் பதப்படுத்தும் ஆலை தங்களுடையதாகவே இருந்தது மற்றொரு காரணம். 1871இலேயே ஒட்டாகோ தீபகற்பத்து உழவர்கள் கூட்டுறவுப் பாலாடைக்கட்டி ஆலை கண்டார்கள். 2001இல் உருவான ஃபான்டெரா நிறுவனமும் உழவர்களின் கூட்டுறவே. நம் நாட்டிலும் 1946இல் கெடா மாவட்டத்து உழவர்கள் இதே வழியில் இறங்கினார்கள். அவர்களிடம் இருந்ததும் ஓரிரு மாடுகள்தாம்! இன்று நியூசிலாந்தின் மொத்தப் பால் நம் நாட்டுப் பாலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

2019 நவம்பரில் ஆசிய வட்டார வாணிப ஒப்பந்தத்தில் இந்தியா சேர மறுத்தபோது, பால் உழவரின் அச்சமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதைக் கோழைத்தனம் என்றார் நண்பர். நான் அப்படிக் கருதவில்லை. எனக்கு நியூசிலாந்தின்மேல் பகையில்லை. நம் தலைநகரில் எய்ம்ஸ் மருத்துவக் கழகம் எழுந்ததே கொழும்புத் திட்டத்தின்கீழ் அந்நாடு அளித்த நன்கொடையால்தான். நான் வேண்டுவது ஒன்றே. அவர்களுடைய பால்மாவை நம் சந்தையில் கொட்டிக்கொள்வதை விட்டு, அவர்களுடைய கூட்டுறவுக் கட்டுப்பாட்டைக் கற்போம். பருவத்துக்கேற்ற பசுந்தீவனத்தை நம் சிற்றூர்களில் வளர்ப்போம். பாலுக்கு உரிய விலை உரிய நாளில் உழவன் கைக்குச் சேர வழி செய்வோம்.

கோடையில் தீவனம் கிடைக்காதபோது, என் தாயார் தம் செலவைக் குறைத்து மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்குவார். அதைக் காலவிரயம் என்று கூற எனக்கு நாவெழவில்லை. நண்பர் இதற்கு மறுப்பு எழுதினால், அடுத்த இதழில் ஆசிரியர் இடமளிப்பார் என்று நம்புகிறேன்.