குறுங்குழலும் ஒரு கற்பிதமும்

தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் அமெரிக்க வேட்டைக்காரர் சிலரிடம் ஒரு கற்பிதம் இன்றும் உலவுகிறது. றெமிங்டன் 1983இல் வெளியிட்ட 'மொடல் செவன்' போன்ற, 18.5 அங்குலக் குழல் கொண்ட துவக்குகளுக்கு விரைந்தெரியும் மருந்தே உகந்ததாம். மெதுவாக எரிவது குழலுக்கு வெளியே வீணாகிவிடுமாம்!

உண்மை வேறு. அழுத்தம் உச்சத்தை எட்டுவது முதற் சில அங்குலங்களிலேயே. எஞ்சிய குழலில் குண்டைத் தள்ளுவது பெரும்பாலும் வாயுவின் விரிவே. மெதுவான மருந்தை, அதே அழுத்த எல்லைக்குள், கூடுதலாக நிரப்பலாம்; வாயுவும் கூடும். ஆதலால் 24 அங்குலக் குழலில் அதிக வேகம் தரும் மருந்தே பெரும்பாலும் இங்கும் முந்துகிறது. குழல்வாயில் சுவாலையும் ஓசையும் மிகும். அது வேறு வழக்கு.

இழந்த வேகத்தை மீட்பதாக எண்ணி, விரைமருந்தை அளவுமீறித் திணிப்பதுதான் விபரீதம். துவக்கின் அறை தாங்கும் அழுத்தம் குழலின் நீளத்தைப் பார்த்து உயர்வதில்லை. வேகக்குறைவை ஏற்று, மானை இன்னும் நெருங்கிச் சுடட்டும்.