சோதனையும் பத்திரமாகத் தோற்க வேண்டும்

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு, உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. மலேசியாவில் ஏர் ஏசியா பயணிகளைக் கையால் பதிய வேண்டியதாயிற்று. சுங்கைப் பட்டாணிக்கும் அலோர் ஸ்டாருக்கும் ரயில் விடும் கேடிஎம்மின் டிக்கெட் முறையும் தடுமாறியது. அந்தக் கோப்பிலிருந்த புதிய விதி 21 உள்ளீடுகளைக் கேட்டது. நிறுவனத்தின் நிரல் கொடுத்ததோ 20. இல்லாத ஒன்றைத் தேடி நினைவக எல்லையைத் தாண்டிய அந்த நிரல் இயக்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருந்ததால், கணினியே விழுந்தது. சோதனை நடக்காமல் இல்லை. ஆனால், 21ஆம் இடத்தில் ‘எது வந்தாலும் சரி’ என்ற குறியை வைத்தே சோதித்ததால், பிழை கடைசிவரை தலைகாட்டவில்லை.

கெடா மாநிலத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில், 2024 ஆகஸ்டில் இன்ஃபினியனின் சிலிக்கன் கார்பைடு ஆலையும் தொடங்கியது. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று இத்தகைய ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். வன்பொருளை நேரடியாகத் தொடும் நிரல்களை நாளை அவர்கள் எழுதும்போது, தோல்வியைச் சோதிக்கவும் பழகியிருக்க வேண்டும். அதற்கு முதலில் சோதனையே பத்திரமாகத் தோற்க வேண்டும்.

ஒரு சோதனை நினைவகம் கேட்கிறது, கிடைக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டு மேலே போனால், அடுத்த வரி வெற்று முகவரியைத் தொட்டுக் கெர்னலையே கவிழ்க்கலாம்; மீதிச் சோதனைகளின் முடிவும் அதோடு போகும். லினக்ஸ் கெர்னலில் 2020 முதல் உள்ள கேயூனிட் என்ற சோதனைக் கட்டமைப்பு இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. முடிவு தவறானாலும் தொடரலாம் என்றால் தவறைப் பதிவுசெய்து தொடரும். தொடர்வது ஆபத்து என்றால் அந்த ஒரு சோதனையை மட்டும் நிறுத்தும். தன் வழியாக வாங்கிய நினைவகத்தை, சோதனை வென்றாலும் தோற்றாலும், இறுதியில் விடுவித்துவிடும். அடுத்த சோதனை கறையில்லாமல் தொடங்குகிறது.

கோளாறு என்றால் முழுதாக நின்றுவிடுவதே நேர்மை என்பார் சிலர். களத்தில் ஓடும் கருவிக்குச் சில வேளை அது சரி. சோதனை மேசையிலோ, ஏன் விழுந்தது என்ற தடயமே அழிந்துவிடும். சர்க்யூட் போர்டைக் கடைசியில் சோதிக்கிறோமே, அது போதாதா என்றும் கேட்கலாம். நினைவகம் தீரும் அந்தக் கணம் போர்டில் எப்போதோதான் வரும். நிரலின் சிறு பகுதியைத் தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்டில் நினைத்தபோது வரவழைக்கலாம். இப்படிச் சோதிக்க நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கிரவுட்ஸ்டிரைக் கோளாறில் அன்று விழுந்த கணினிகளில் ஏராளமானவற்றை ஒவ்வொன்றாகப் போய்க் கையால் மீட்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது.

ஆகவே கூலிம், ஜித்ரா பாலிடெக்னிக்குகளிலும் பீடோங் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும், ஓடும் நிரலுக்கு மட்டும் மதிப்பெண் தந்தால் போதாது. எந்தெந்தத் தவறான உள்ளீட்டைக் கொடுத்துப் பார்த்தாய், தோற்றபின் எதை விடுவித்தாய் என்றும் மாணவரைக் கேட்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் ஆலைகளும் நேர்முகத்தில் அதையே கேட்கட்டும்.