செவிக்கு வந்த ஓரெழுத்துப் பிழை

கரிசல் மண்ணின் பெருஞ்செல்வம் பேச்சு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் ஒரே சிற்றூர் கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் தந்தது, இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றோர். ஊரார் வாய்மொழியைச் செவியால் உண்டு வளர்ந்த எழுத்து அவர்களுடையது. அப்பேச்சைக் கேட்கவியலாது இம்மண்ணில் பிறக்கும் குழந்தைகளை எண்ணியே இதனை எழுதுகிறோம்.

பிறவிக் காதுகேளாமைக்கு மரபணுத் திரிபு பெருங்காரணம். கனெக்சின் 26 என்னும் புரதத்தின் மரபணுவுக்கு இதில் பங்குண்டு என்பது 1997இல் புலனாயிற்று. 226 அமினோ அமிலங்கள் கோத்து முடியவேண்டிய அப்புரதம், இந்தியரிடம் மிகுதியாகக் காணப்படும் திரிபில், 24ஆம் இடத்திலேயே அறுந்துவிடுகிறது. மரபணுவில் மாறியது ஓரெழுத்தே. ஆயினும் இத்திரிபுடைய குழந்தையின் செவி கருப்பையில் உருக்குறையின்றியே வளர்கிறது. மடலும் சவ்வும் சிற்றெலும்புகளும் நத்தைச்சுருளும் உள. உட்செவியில் பொட்டாசியத்தைச் சுழலவிடும் நுண்வாயில்கள் மட்டும் அமைவதில்லை. உறுப்பு உருவாவது வேறு, தொழிற்படுவது வேறு என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் திரிபுகள் சிலவே. பிறப்போடு வளர்ச்சி முடிவதுமில்லை: தொடக்க ஆண்டுகளில் ஒலி எட்டாவிடின், மூளையில் கேட்டலுக்குரிய பகுதியைப் பார்வை எடுத்துக்கொள்கிறது.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் திரிபு வந்தாலன்றி இக்குறை தோன்றாது. உறவில் மணந்தோர் இருவரிடமும் அதே திரிபு இருக்கும் வாய்ப்பு மிகுதி. தாய்மாமனும் அக்காள் மகளும் மரபணுவில் ஏறத்தாழக் கால் பங்கு ஒன்றானவர். அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு. தமிழகத்தில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவில் மணந்தவர் என்கிறது ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நிலம் பிரியாதிருக்கவும், பெண் அறிந்த வீட்டில் வாழவும் முன்னோர் வகுத்த முறை இது. அதனை நாம் இகழவில்லை. சாதிக்குள் மணப்பதும் ஒரே திரிபு இருவரிடமும் சேர்வதற்குத் துணைபோகிறது. ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜ், ஆர்வர்டின் டேவிட் ரைக் உள்ளிட்டோர் 2017இல் தெற்காசியாவின் 263 குழுக்களின் மரபணுவை ஆராய்ந்தனர். அவற்றுள் 81, பின்லாந்து மக்களினும் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து பெருகியவை.

இவ்வளவு தெரிந்த பின்னும் பழி மருமகள் தலையில் விழுவது கொடுமை. இருவர் தந்ததை ஒருத்தி மேல் சுமத்த எவருக்கும் உரிமையில்லை.

உறவில் மணம் பேசுவோர்க்கு மரபணு ஆலோசனை வட்ட மருத்துவமனையிலேயே கிடைக்கவேண்டும். உறங்கும் சிசுவின் காதில் சிறு கருவி வைத்துச் சில நிமிடங்களில் முடியும் சோதனை உண்டு. கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் பிறக்கும் எக்குழந்தையும் அச்சோதனையின்றி வீடு திரும்பலாகாது. ஐயமிருப்பின் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும். உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தும் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. அக்கருவி வேண்டிய குழந்தையை உரிய வயதில் கண்டறிந்து அத்திட்டத்தில் சேர்ப்பிப்பது சுகாதாரத் துறையின் கடன்.