மீட்க வந்த உறவினர்



தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தில் இரண்டு கேள்விகள். "ஞாயிறுதோறும் 'நீ இரட்சிக்கப்பட்டாயா?' என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். ஆனால் அதன் பொருள் எனக்கே சரியாகத் தெரியவில்லை. அதிகம் படிக்காத நான் வேதத்தில் எங்கிருந்து தொடங்குவது?" இது முதல் கேள்வி. இரண்டாவது, மனத்தை உறுத்தும் கேள்வி. அவருடைய கொழுந்தன் இறந்துவிட்டார். கொழுந்தன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இவர் வீட்டில்தான் இருக்கிறார்கள். இரண்டே அறை. "தாய்வீட்டுக்கு அனுப்பிவிடு" என்று உறவினர்கள் நச்சரிக்கிறார்கள். வேதம் என்ன சொல்கிறது என்று கேட்கிறார்.

அந்தச் சகோதரிக்கு இது இரண்டு கேள்வியாகத் தெரிகிறது. எனக்கு ஒன்றாகவே தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இரட்சிப்பை வேதம் பல சொற்களால் விளக்குகிறது. அவற்றில் நமக்கு மிகவும் பழகிய சொல் 'மீட்பு'. அடகுக்கடைப் படி ஏறியவர்களுக்கு அதன் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1968-ஆம் ஆண்டு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்தேன். நகரத்தில் புகுமுக வகுப்பில் சேர வேண்டும். சீருடை, புத்தகம், பஸ் காசு எல்லாவற்றுக்கும் பணம் தேவைப்பட்டது. அம்மா தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். தவணை முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கையில் காசில்லை. சங்கிலி மூழ்கிவிடும் என்று அம்மா வாய்விட்டு அழுதார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் தாய்மாமன் சைக்கிளில் வந்தார். ஒன்றும் பேசாமல் அடகுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். மாலையில் காகிதத்தில் சுற்றிய சங்கிலியோடு திரும்பினார். அம்மா கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, கறவை மாடு எங்கே?" மாமா பதில் சொல்லவில்லை. கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மீட்பு என்றால் இதுதான், வாசகர்களே. நம்மால் திருப்ப முடியாத ஒன்றை, நம்மைச் சொந்தம் என்று எண்ணிய ஒருவர் தம் கைப்பொருளை இழந்து திருப்பித் தருவது.

பழைய ஏற்பாட்டுக் காலத்தில் இது சட்டமாகவே இருந்தது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வறுமையால் ஒருவன் நிலத்தை விற்றுவிட்டால் நெருங்கிய உறவினன் அதை மீட்க வேண்டும். கடனுக்காகத் தன்னையே அந்நியனிடம் விற்றுவிட்டால் அவனையும் உறவினர் மீட்கலாம். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் பலர் கப்பல் கூலியைக் கடனாகச் சுமந்துகொண்டே மலாயாவில் கால் வைத்தார்கள். 1910-ஆம் ஆண்டில்தான் அந்த முறை நிறுத்தப்பட்டது. ஆகவே இந்தச் சட்டத்தின் அருமை நமக்கு நன்றாகவே புரியும்.

அந்தச் சட்டம் ஒரு குடும்பத்தில் எப்படி உயிர் பெற்றது என்பதைச் சொல்வதுதான் ரூத்தின் புத்தகம். பெத்லகேமில் பஞ்சம். நகோமி கணவனோடும் இரு மகன்களோடும் சாக்கடலுக்குக் கிழக்கே உள்ள மோவாப் நாட்டுக்குப் பிழைக்கப் போகிறாள். அங்கே கணவனும் மகன்களும் இறந்துபோகிறார்கள். வெறுங்கையோடு ஊர் திரும்புகிறவளை மருமகள் ரூத் விட்டுப் பிரியாமல் கூடவே வருகிறாள். மாமியாரும் மருமகளும், இருவரும் விதவைகள். ரூத்தோ மோவாபியப் பெண், அந்த ஊரார் சேர்த்துக்கொள்ளத் தயங்கும் இனம்.

ரூத் கதிர் பொறுக்கப் போகிறாள். அறுவடையில் வயலோரத்தையும் சிந்திய கதிரையும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். வயலுக்குச் சொந்தக்காரன் போவாஸ், நகோமியின் கணவனுக்கு உறவினன். அவன் அறுவடைக்காரர்களின் கங்காணியிடம் இவள் யார் என்று விசாரிக்கிறான். பிறகு, அவளை யாரும் தொடக் கூடாது என்று கட்டளையிடுகிறான். வேலையாட்கள் மொண்ட தண்ணீரையே அவளும் குடிக்கலாம் என்கிறான். அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே கதிர்களை உருவிப் போடச் சொல்கிறான். அன்று மாலை அவள் தட்டி எடுத்த வாற்கோதுமை ஏறத்தாழ 22 லிட்டர் அளவு. வெளிக்காட்டில் வேலை செய்த பெண்களுக்குத் தெரியும், கூலியைப் போலவே பயமில்லாத வேலையிடமும் எவ்வளவு பெரிய காரியம் என்று.

நான்காம் அதிகாரத்தைக் கவனித்து வாசியுங்கள். போவாஸைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் இருக்கிறான். நிலம் என்றதும் "மீட்கிறேன்" என்கிறான். ரூத்தையும் ஏற்க வேண்டும், இறந்தவன் பெயரை நிலைநிறுத்த வேண்டும் என்றதும் பின்வாங்குகிறான். தன் சொத்து கெட்டுவிடுமாம். அவன் கெட்டவன் அல்லன். கணக்குப் பார்த்தான், அவ்வளவுதான். வேதம் அவன் பெயரைக்கூடக் குறிக்கவில்லை. போவாஸ் நஷ்டத்தை ஏற்று மீட்டான். ரூத்துக்குப் பிறந்த ஓபேத் தாவீது அரசனின் பாட்டன். மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாற்றில் அந்த மோவாபியப் பெண்ணின் பெயரும் இருக்கிறது.

கிறிஸ்துவை மீட்பர் என்று ஏன் அழைக்கிறோம் என்பது இப்போது விளங்கும். அவர் நமக்கு உறவினராக வந்தார், தம் உயிரையே விலையாகக் கொடுத்தார் என்பது புதிய ஏற்பாட்டின் செய்தி. எபேசியர் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் இதை முறையாகச் சொல்கிறார். இரட்சிப்பு நம் செயலுக்குக் கூலி அல்ல, ஈவு. ஆனால் அதைப் பெற்றவர் நற்செயல் செய்வதற்கென்றே படைக்கப்பட்டவர். இந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது.

என் அம்மா மாமாவுக்குப் பணத்தைத் திருப்பித்தரப் பார்த்தார். அவர் வாங்கவில்லை. அதன்பின் எங்கள் லயத்தில் யார் வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் அம்மா ஒரு சுண்டு அரிசியோடு போய் நிற்பார். "நமக்கே இல்லையே" என்று ஒருநாள் கோபித்துக்கொண்டேன். "என் சங்கிலியை மீட்டவர் கணக்குப் பார்த்தாரா?" என்றார். இதைவிட நல்ல வேத விளக்கத்தை நான் கேட்டதில்லை.

சகோதரியே, உங்கள் வீட்டு ரூத்தை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். போவாஸும் தனியாகச் செய்யவில்லை. ஊர் வாசலில் பத்து மூப்பர்களை உட்காரவைத்து, சட்டப்படி, ஒரே நாளில் முடித்தான். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். கொழுந்தன் சம்பள வேலையில் இருந்தவரானால் அவருடைய ஊழியர் சேமநிதியைப் பற்றி உடனே விசாரியுங்கள். சொக்சோவில் பதிந்திருந்தால், நிபந்தனைகள் பொருந்துமானால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் கிடைக்கும். பத்திரங்களோடு அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். சபை மூப்பர்களையும் உறவினர்களையும் ஓர் இடத்தில் கூட்டி, யார் எதைத் தாங்குவது என்று வெளிப்படையாகப் பேசுங்கள். "அனுப்பிவிடு" என்று சொல்பவர்கள் அன்றைக்காவது பதில் சொல்லட்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டீர்கள். ரூத்தில் தொடங்குங்கள். நான்கே அதிகாரம். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில் 1719-ல், 36 வயதில் காலமானார். மற்றதைப் பின்வந்தவர்கள் முடித்தார்கள்.

இராச் சாப்பாட்டுக்குப் பின் ஓர் அதிகாரம் போதும். பிள்ளைகள் வாய்விட்டு வாசிக்கட்டும், பெரியவர்கள் கேட்கட்டும். முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே யாருக்கு என்ன குறை? அதைத் தீர்க்க யார் எதை இழந்தார்? நாளைக்கு நான் யாருக்காகக் கதிரை உருவிப் போடலாம்? விடை தெரியாவிட்டால் அவசரமில்லை, மறுநாளும் வாசிக்கலாம்.

நான்காம் நாள் உங்கள் கொழுந்தன் மனைவியையே வாசிக்கச் சொல்லுங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.