மாத்திரையை நிறுத்தாதீங்கம்மா!

போன மாதம் ஒரு தாய், பத்தொன்பது வயது மகளோடு ஆரணியில் என் வைத்தியசாலைக்கு வந்தார். பட்டுத்தறி வீடு. "ஐயா, எட்டு மாசமா வலிப்பே வரலீங்க. இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டு உங்க சூரணம் குடுங்களேன். மாத்திரை முழுங்கறது தெரிஞ்சா நாளைக்கு யாருங்க கட்டிக்குவாங்க?" என்றார்.

நான் சித்த வைத்தியன்தான். இருந்தும், "நிறுத்தாதீங்கம்மா" என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. உங்களில் சிலருக்கும் என் மேல் கோபம் வரலாம்.

மூளையில் நரம்புகளைத் தூண்டிவிடுவது குளூட்டமேட். அடக்கி வைப்பது காபா. தலையில் பலத்த அடி, மூளைக்காய்ச்சல் போன்றவற்றுக்குப் பிறகு சிலருக்குக் காபாவின் பிடி தளர்ந்து, குளூட்டமேட்டின் கை ஓங்கிவிடுகிறது. அம்மாவிடம் இந்தப் பெயரெல்லாம் சொல்லவில்லை. "ஜக்கார்டு அட்டையில துளை போட்டாச்சுன்னா, நெய்யாத நாள்லயும் டிசைன் அதுல இருக்குமா இல்லையா?" என்று கேட்டேன். சட்டென்று புரிந்துகொண்டார். மாத்திரை அந்த அட்டையைக் கிழித்துப் போடுவதில்லை. தறியை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

கனடாவில் கோடார்டு என்ற விஞ்ஞானி எலிகளின் மூளையில் தினமும் லேசாக மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். முதலில் ஒன்றுமில்லை. நாளாக ஆக, அதே அளவு மின்சாரத்துக்கே வலிப்பு வந்தது. மாதக்கணக்கில் விட்டுவிட்டுத் தொட்டாலும் வந்தது! 1969-ல் வெளியான ஆய்வு இது. எல்லா மனிதருக்கும் இப்படியேதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொதுவாக இரண்டு வருடமாவது வலிப்பில்லாமல் இருந்த பிறகுதான், மெல்ல மெல்லக் குறைப்பது பற்றி நரம்பியல் டாக்டர் யோசிப்பார்.

இன்னொன்று. வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். நேரம் ஆக ஆக, காபா வந்து ஒட்டும் இடங்களே நரம்பணுவுக்குள் மறைந்துவிடுகின்றன. பிறகு ஊசி மருந்தும் சரியாகப் பிடிக்காது.

நம் பக்கத்து வேலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் வந்த கட்டிகளே காரணமாம். மரக்கறி வீட்டுக்காரர்களுக்கும் வரும், ஏனென்றால் கழுவாத கையிலும் பச்சைக் காய்கறியிலும் அந்த முட்டை ஒட்டிக்கொண்டு வருகிறது. இதற்குப் போய் மந்திரிக்க ஓடுகிறோம்!

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன வாசகத்தை இந்து திருமணச் சட்டத்திலிருந்தே 1999-ல் நீக்கிவிட்டார்கள். "மறைச்சுக் கட்டிக்குடுக்காதீங்க. சொல்லியே குடுங்க. கர்ப்பத்துக்கு ஆகாத மாத்திரையும் உண்டு, அதனால டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் மாத்திரை அட்டையை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.