டெபியன் வாசலில் நிற்கும் புதியவர்

லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவுவது இன்று ஒரு வரி வேலை. ஆனால் அந்த ஒரு வரி வேலை செய்ய, யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து அந்த மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டி வைத்திருக்க வேண்டும். 1993-இல் தொடங்கிய டெபியனில் அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் ஒரு தன்னார்வலர். இந்த வேலைக்குப் புதியவர்கள் வர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வந்தவர்கள் ஏன் பாதியில் திரும்பிப் போகிறார்கள்?

கோப்புகளின் வடிவம் கடினம் என்பது வழக்கமான பதில். அதில் பாதிதான் உண்மை. பேக்கேஜ் எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்று சொல்ல ஒரு கோப்பு, உரிமத்துக்கு ஒன்று, மாற்றங்களுக்கு ஒன்று, எப்படிக் கட்டுவது என்று சொல்லும் 'ரூல்ஸ்' ஒன்று. ஒரு காலத்தில் இந்த ரூல்ஸ் கோப்பே நீண்டு கிடக்கும். 2008-இல் டெப்ஹெல்ப்பர் 7 வந்த பிறகு, சாதாரண மென்பொருளுக்கு அது மூன்றே வரிகள்! மனது வைத்தால் எளிமையாக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தலைசுற்றல் அதற்குப் பிறகுதான். கட்டிப் பார்க்க எஸ்பில்டா, பிபில்டரா? கிட்டில் வைப்பதா? வைத்தால் எந்த முறையில்? ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பேர் நாலு விடை சொல்வார்கள், நாலும் சரியாகவே இருக்கும். பழகியவருக்கு இது சுதந்திரம். புதியவருக்கோ எந்தப் பேருந்தில் ஏறுவது என்றே தெரியாத நிலை. ஆர்ச் லினக்ஸில் பெரும்பாலும் ஒரே ஒரு ஷெல் கோப்பு எழுதினால் போதும். இத்தனைக்கும் பிறகு டெபியனில் பேக்கேஜை ஏற்றும் உரிமை புதியவருக்குக் கிடையாது. உரிமை உள்ள ஒருவர் பார்த்து ஏற்றித் தர வேண்டும். அவரும் தன்னார்வலர்தான், அவருக்கும் நேரம் இருக்காது.

வாசலைத் திறந்துவிட்டால் திருடனும் வருவான் என்பார்கள். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தைக் காட்டுவார்கள். ஆனால் அங்கே நடந்தது என்ன? களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரிடம், உதவி செய்பவர் போல ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்தார். பிறகு பின்கதவு வைத்தார். அவருக்குத் தெரியாத கருவியா, புரியாத கோப்பா? கடினமான கருவிகள் கல்லூரி மாணவரைத்தான் விரட்டும், அவரைப் போன்றவரை அல்ல. சரிபார்ப்பு கண்டிப்பாக இருக்கட்டும். கருவி ஏன் கண்டிப்பாக இருக்க வேண்டும்?

நாலு வழியில் ஒன்றை எடுத்து, 'முதல் பேக்கேஜுக்கு இதுதான்' என்று டெபியனே அறிவித்துவிடலாம். மற்ற மூன்றும் எங்கும் ஓடிப்போகாது. அந்த முதல் பேக்கேஜும் புத்தம் புதிதாக இருக்க வேண்டியதில்லை. பராமரிப்பவர் கைவிட்டுப் போன பேக்கேஜ்கள் பட்டியல் போட்டே கிடக்கின்றன. பராமரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய வரியில் 'டெபியன் க்யூஏ குழு' என்று மட்டும் எழுதப்பட்டு, ஓர் ஆள் பெயருக்காகக் காத்திருக்கின்றன.