சண்டைக்காரனோடும் பேசத்தான் வேண்டும்

வட துருவத்தை ஒட்டிய எட்டு நாடுகள் 1996-ல் ஆர்க்டிக் கவுன்சிலைத் தொடங்கின. இராணுவ விஷயம் இங்கே பேசக் கூடாது என்று அப்போதே எழுதி வைத்தார்கள். 2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் மற்ற ஏழு நாடுகளும் கவுன்சில் வேலைகளை நிறுத்தி வைத்தன. கோபம் நியாயம்தான். ஆனால் ஆர்க்டிக் கடற்கரையில் ஏறக்குறைய பாதி ரஷ்யாவுடையது. அதை விட்டுவிட்டு உருகும் பனியை எப்படிக் கணக்கெடுப்பது?

இங்கேதான் நார்வேயைப் பாராட்ட வேண்டும். 2023-ல் ரஷ்யாவிடமிருந்து தலைமைப் பொறுப்பை வாங்கியது. 2024-ல் பணிக்குழுக்கள் இணையம் வழியாக மறுபடி கூடின. போருக்குப் பிறகும் பாரன்ட்ஸ் கடலில் யார் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று இரு நாடுகளும் ஆண்டுதோறும் பேசி முடிவெடுக்கின்றன.

இது பணிந்துபோவதா? உக்ரைனுக்கு ஆயுதமும் கொடுத்துக்கொண்டுதானே நார்வே பேசுகிறது! சண்டைக்காரன் காலில் விழுவது வேறு, அவனோடு பேசுவது வேறு. பேச்சு நின்றால் முதலில் அழிவது அந்தக் கடலின் காட் மீன்தான்.